உறவும் தகுதியும்: கலைக்களஞ்சியத்தில் தலைவர்களின் குடும்பத்தார்



இப்பொழிவு வரிசையில் இன்று நாம் எடுத்துக்கொண்ட வினா சிறியதாகத் தோன்றக்கூடும். புகழ்பெற்ற தலைவர் ஒருவரின் மனைவிக்கோ கணவருக்கோ, மக்களுக்கோ உடன்பிறந்தார்க்கோ கலைக்களஞ்சியத்தில் தனிப்பதிவு தருவது தகுமா என்பதே அவ்வினா. பதிப்பாசிரியர் சிலர் தம் அறைக்குள் அமர்ந்து தீர்த்துக்கொள்ள வேண்டிய செய்தி இது என்று சிலர் கருதலாம். ஆயினும், ஒரு சமுதாயம் யாரை நினைவில் வைத்துக்கொள்கிறது, யாரை மறக்கிறது, எக்காரணத்தால் நினைக்கிறது என்னும் பெரிய வினாக்கள் இதனுள் அடங்கியிருக்கின்றன.

நம் வட்டாரத்தில் இவ்வினா இப்போது எழுவதற்குக் காரணமும் உண்டு. 2025 ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தமிழர் கலைக்களஞ்சியம் இணையத்தில் வெளிவந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003 ஆம் ஆண்டு முதல் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு வருகிறது. முன்னாளில் கலைக்களஞ்சியம் என்பது நூலகத்தின் உயர்ந்த அடுக்கில் இருக்கும் பெருநூல். அதனை எழுதுவோர் வேறு, படிப்போர் வேறு. இன்றோ, படிக்கும் மாணவரே பதிவு எழுதவும் இயலும். ஆகவே, எதனை எழுதலாம், எதனை எழுதலாகாது என்னும் பொறுப்பும் மாணவரிடமும் அவரை வழிநடத்தும் ஆசிரியரிடமும் வந்து சேர்ந்திருக்கிறது.

புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்பது நம் பழமொழி. மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்பது மற்றொன்று. பெற்றோரின் பெருமை பிள்ளைகளிடம் தானாக வந்து சேரும் என்னும் எண்ணம் நம் பேச்சிலேயே ஊறிக் கிடக்கிறது. இவ்வெண்ணத்தோடு கலைக்களஞ்சியம் எழுத அமர்ந்தால், தலைவர்களின் குடும்ப மரம் முழுவதும் அதனுள் வந்துவிடும். இதற்கு அஞ்சி, உறவினர் எவரையும் சேர்ப்பதில்லை என்று கதவை அடைத்துவிட்டால், தம் உழைப்பால் உயர்ந்த பலர், குறிப்பாகப் பெண்கள், வெளியே நின்றுவிடுவர். இவ்விரண்டு தவறுகளுக்கும் இடையே செல்லும் வழியைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

நூலின் நோக்கமே அளவுகோல்

முதற்கண், தமிழில் எழுந்த இருவகை நூல்களை வேறுபடுத்திப் பார்ப்போம். ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த அபிதான சிந்தாமணி, மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்த பாண்டித்துரைத் தேவரின் ஆதரவுடன் 1910 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்நூலைப் புரட்டினால், இன்னார் குமரன், இன்னார் தேவி என்று ஒரே வரியில் முடியும் பதிவுகள் பலவற்றைக் காணலாம். உறவைத் தவிர வேறொன்றும் அவற்றில் இல்லை. இதனைக் குறை என்று சொல்லலாமா? சொல்லலாகாது. புராணத்தையோ காப்பியத்தையோ படிக்கும் ஒருவர் அறியாத பெயர் ஒன்றை எதிர்கொள்கிறார். அப்பெயர்க்கு உரியவர் யார் என்று அறிய விரும்புகிறார். அவருக்கு அந்த ஒரு வரியே போதுமானது. அபிதானம் என்பதற்குப் பெயர் என்பதே பொருள். பெயர்களை விளக்குவது அந்நூலின் பணி. அப்பணியை அது செவ்வனே செய்தது.

தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் நோக்கம் வேறு. பெ. தூரன் அதன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்தார். அறிவியல், வரலாறு, கலை, சமயம், மாந்தர் வாழ்க்கை என உலக அறிவு முழுவதையும் தமிழில் தருவதற்கு அந்நூல் முயன்றது. இத்தகைய நூலில் ஒருவரைப் பற்றித் தனிப்பதிவு இடம்பெறுகிறது என்றால், அவர் உலகிற்கு எதைச் செய்தார், எதைத் தந்தார், எதை மாற்றினார் என்று படிப்பவர் எதிர்பார்ப்பார். இன்னாருடைய மகன் என்பது அவ்வெதிர்பார்ப்பை நிறைவு செய்யாது.

விக்கிப்பீடியா இதனைக் குறிப்பிடத்தக்கமை என்னும் சொல்லால் குறிக்கிறது. குறிப்பிடத்தக்கமை உறவின் வழியாக ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்வதில்லை என்பது ஆங்கில விக்கிப்பீடியாவில் நன்கு நிலைபெற்ற கொள்கை. உறவினரைப் பற்றிய செய்தி சிறிதளவே இருந்தால், அதனைத் தலைவர் பற்றிய கட்டுரையின் உட்பிரிவில் சேர்த்துவிட்டு, உறவினர் பெயருக்கு ஒரு வழிமாற்று மட்டும் அமைப்பது அங்குள்ள வழக்கம். அச்சு நூல்களில் 'காண்க' என்று குறித்து வேறு பதிவுக்கு அனுப்புவதும் இதுவே. எனவே, தனிப்பதிவு மறுக்கப்பட்டவர் கலைக்களஞ்சியத்திலிருந்தே நீக்கப்பட்டவர் ஆகார். அவரைப் பற்றிய செய்தி எங்கே அமைய வேண்டும் என்பதே பெரும்பாலும் வினா.

பாரி மகளிர் காட்டும் வழி

இக்கொள்கை புதியதாகத் தோன்றினும், நம் பழைய இலக்கியத்தில் இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. பறம்பு மலையை ஆண்ட பாரியின் பெண்மக்களை நாம் அறிவோம். புறநானூற்றின் 112 ஆம் பாடலைப் பாடியோர் என அந்நூல் குறிப்பது 'பாரி மகளிர்' என்றே. அவர்தம் இயற்பெயர்கள் அங்கே இல்லை. அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் பின்வந்த மரபிலேயே வழங்குகின்றன. தந்தையின் பெயரால் மட்டுமே அழைக்கப்பட்ட இருவர் அவர்கள்.

அவர்களுக்குத் தனிப்பதிவு தகுமா? ஐயமின்றித் தகும். ஆனால், பாரியின் மக்கள் என்பதற்காகத் தகாது. தந்தையையும் மலையையும் ஒருசேர இழந்த துயரை ஐந்தே அடிகளில் பாடிய புலவர்கள் என்பதற்காகவே தகும். பாரியின் கொடையைப் பற்றிக் கபிலர் பாடிய பாடல்கள் அனைத்தும் அழிந்துபோயிருந்தாலும், இந்த ஒரு பாடல் அப்பெண்களைத் தமிழ் இலக்கிய வரலாற்றில் நிலைநிறுத்தியிருக்கும்.

பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டும் அவ்வாறே. அவரும் கணவன் பெயராலேயே சுட்டப்படுகிறார். ஆயினும் 246 ஆம் புறப்பாட்டில் தம்மைத் தடுத்த சான்றோரை நோக்கி அவர் பேசும் குரல் அவருடைய குரல். சிலப்பதிகாரப் பதிகம் இளங்கோவடிகளைச் சேர மன்னர் குடியினராகக் காட்டுகிறது. செங்குட்டுவனின் இளவல் என்று மரபு கூறுகிறது. அவ்வுறவு குறித்து ஆய்வாளர் மாறுபடக்கூடும். அவ்வுறவே இல்லை என்று நாளை மெய்ப்பிக்கப்பட்டாலும் இளங்கோவின் பதிவில் ஒரு வரிதான் மாறும், பதிவு மறையாது.

இதிலிருந்து நாம் பெறும் முதற் சோதனை எளியது. பதிவிலிருந்து தலைவரின் பெயரை மறைத்துவிட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். எஞ்சியது ஒரு வாழ்க்கையாக நின்றால் அது தனிப்பதிவுக்கு உரியது. ஒன்றும் எஞ்சாவிட்டால் அதன் இடம் தலைவரின் பதிவே.

ஒரு குடும்பம், பல தீர்ப்புகள்

இச்சோதனையை நன்கறிந்த குடும்பம் ஒன்றில் வைத்துப் பார்ப்போம். காந்தியடிகளின் குடும்பத்தை நாம் தேர்ந்துகொள்கிறோம். அக்குடும்பத்தின் பொதுவாழ்க்கை தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. அங்குக் குடியேறிய தமிழரோடு அது நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. அவர்கள் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' என்னும் இதழ் 1903 ஆம் ஆண்டில் தொடங்கியபோது தமிழ்ப் பகுதியும் அதில் இடம்பெற்றிருந்தது.

முதலில் கஸ்தூர்பா. கிறித்தவ முறையில் நடைபெறாத திருமணங்களைச் சட்டம் ஏற்காது என்னும் பொருள்படத் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் 1913 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. இந்தியப் பெண்கள் பலர் போராட்டத்தில் இறங்கினர். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் கஸ்தூர்பா டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். 1942 ஆகஸ்டு 9 ஆம் நாள் காந்தியடிகள் கைதானபோது, அன்று மாலை பம்பாய்ச் சிவாஜி பூங்காக் கூட்டத்தில் அவருக்குப் பதிலாகத் தாம் பேசுவதாக அறிவித்தார்; பேசுவதற்கு முன்பே கைது செய்யப்பட்டார். 1944 பிப்ரவரி 22 ஆம் நாள் புனே ஆகாகான் மாளிகையில் சிறைக் கைதியாகவே உயிர் நீத்தார். கணவரின் பெயரை எடுத்துவிட்டாலும், இருநாடுகளில் சிறை சென்ற ஒரு போராளியின் வாழ்க்கை எஞ்சி நிற்கிறது. அவருக்குத் தனிப்பதிவு தகும்.

அடுத்து மகன்லால். இவர் காந்தியடிகளின் ஒன்றுவிட்ட சகோதரரின் மகன். தென்னாப்பிரிக்கப் போராட்டத்திற்குப் பொருத்தமான பெயர் ஒன்றைத் தருமாறு இதழ் வாயிலாகக் காந்தியடிகள் கேட்டபோது, 'சதாக்கிரகம்' என்னும் சொல்லை அனுப்பியவர் இவரே. அதனைத் திருத்தியே 'சத்தியாக்கிரகம்' என்னும் சொல்லைக் காந்தியடிகள் அமைத்தார். பின்னாளில் சபர்மதி ஆசிரமத்தை நிருவகித்தவரும், கைராட்டை நுட்பங்களை ஆராய்ந்து செம்மைப்படுத்த உழைத்தவரும் மகன்லாலே. 1928 ஆம் ஆண்டில் பாட்னாவில் மறைந்தார். உலகறிந்த சொல் ஒன்றின் பிறப்பில் பங்குகொண்ட இவரை இன்று அறிந்தோர் சிலரே. தலைவரின் ஒளி, அருகிருந்தவரை மறைத்துவிட்டதற்கு இவர் ஒரு சான்று. இவருக்கும் தனிப்பதிவு தகும்.

இரண்டாம் மகன் மணிலால் 1920 முதல் 1956 இல் தாம் மறையும் வரை 'இந்தியன் ஒப்பீனியன்' இதழின் ஆசிரியராக இருந்தார். 1930 ஆம் ஆண்டு தராசனா உப்புப் போராட்டத்தில் பங்கேற்றார். 1952 ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க அரசின் நிறவெறிச் சட்டங்களை எதிர்த்துக் கைதானார். ஓர் இதழை முப்பத்தாறு ஆண்டுகள் நடத்திய ஆசிரியர், எவர் மகனாயினும், இதழியல் வரலாற்றில் இடம்பெறத் தக்கவர். இளைய மகன் தேவதாஸ் 1918 ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து இந்தி கற்பித்தவர். 1937 முதல் இருபது ஆண்டுகள் 'இந்துஸ்தான் டைம்ஸ்' நாளிதழின் ஆசிரியராக இருந்தவர். அவருக்கும் அவ்வாறே.

மூன்றாம் மகன் ராம்தாஸை என் செய்வது? அவரும் போராடினார், சிறை சென்றார், தந்தையின் சிதைக்குத் தீ மூட்டினார். மதிக்கத்தக்க வாழ்க்கையே அது. ஆயினும் அவரைப்போலப் போராடிச் சிறைசென்ற பல்லாயிரவர்க்குத் தனிப்பதிவு இல்லையே! தந்தையின் பெயரை மறைத்துவிட்டால், அப்பல்லாயிரவருள் ஒருவராக அவரும் நிற்கிறார். அவருடைய செய்தியைக் காந்தியடிகளின் பதிவில் குடும்பம் என்னும் உட்பிரிவில் எழுதுவதே முறை என்பது நம் கருத்து. இதனால் அவருடைய தியாகம் குறைந்துவிடவில்லை.

ராஜாஜியின் மகள் லட்சுமி தேவதாஸை மணந்தார். மகளாகவும் மருமகளாகவும் மனைவியாகவும் அவர் மூன்று புகழ்பெற்ற பெயர்களோடு இணைந்திருந்தார். ஆனால் அவ்விணைப்புகளைச் சொல்லி முடித்தபின், அவரைப் பற்றி நாம் இன்னும் ஒன்றும் சொல்லத் தொடங்கவில்லை என்பதை உணர வேண்டும். அவர் என்ன எண்ணினார், என்ன செய்தார் என்பதைத் தேடிக் கண்டபின்னரே அவரைப் பற்றி எழுத இயலும்.

இறுதியாக, கடினமான தீர்ப்பு ஒன்று உண்டு. மூத்த மகன் ஹரிலால் தந்தையோடு முரண்பட்டுத் துன்புற்ற வாழ்க்கைக்காகவே பெரிதும் பேசப்படுகிறார். அம்முரண்பாடு நூலாகவும் நாடகமாகவும் திரைப்படமாகவும் வந்துவிட்டது. தந்தை இல்லையேல் இக்கதை இல்லை. அப்படியானால் முதற் சோதனையில் அவர் தோற்றுவிடுவாரா? பதிவேடுகளை மீண்டும் பார்க்க வேண்டும். 1908 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் ஹரிலால் பலமுறை சிறை சென்றார். அக்காலத்தில் 'சின்னக் காந்தி' என்றே மக்கள் அவரை அழைத்தனர். இங்கிலாந்து சென்று சட்டம் பயிலும் வாய்ப்புத் தமக்குக் கிட்டாத வருத்தம் அவரைத் தந்தையிடமிருந்து பிரித்தது. தனிப்பட்ட ஆய்வாளர்கள் அவருடைய வாழ்க்கையை விரிவாக எழுதியிருக்கின்றனர். ஆகவே தனிப்பதிவு தகும் என்போம். ஆயினும், அப்பதிவு அவருடைய குடிப்பழக்கத்தையும் சமய மாற்றத்தையும் மட்டும் பட்டியலிட்டு, சிறைவாழ்வைக் கைவிடுமானால், அது ஹரிலாலைப் பற்றிய பதிவு ஆகாது. காந்தியடிகளின் பெருமைக்கோ குறைக்கோ சான்றாக அவரைப் பயன்படுத்திக்கொண்டதாகவே அமையும்.

ஒரே குடும்பத்தில் ஒருவருக்குத் தகும், மற்றொருவருக்குத் தகாது என்று நாம் சொல்ல நேர்ந்ததை அவையோர் கருத வேண்டும். உறவு அனைவர்க்கும் பொது. தீர்ப்பு மாறியதற்குக் காரணம் அவரவர் செயல்.

இங்கே நம் நினைவுக்கு வரும் மற்றொரு பெயர் தில்லையாடி வள்ளியம்மை. தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்த தமிழ்ப்பெண். கஸ்தூர்பா அடைக்கப்பட்ட அதே மாரிட்ஸ்பர்க் சிறைக்குச் சென்று, காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22 ஆம் நாள், பதினாறே வயதில் மறைந்தார். கஸ்தூர்பா மறைந்ததும் முப்பது ஆண்டுகள் கழித்து அதே நாளில். வள்ளியம்மை எந்தத் தலைவருக்கும் மகளல்லர், மனைவியல்லர். எனினும் அவர் பெயர் நின்றது. கஸ்தூர்பாவையும் வள்ளியம்மையையும் ஒரே அளவுகோலால் அளந்து, இருவரையும் ஏற்கும் கலைக்களஞ்சியமே நேர்மையானது.

சான்று இல்லையா, தேடப்படவில்லையா?

இதுவரை நாம் சொன்னதை மட்டும் கைக்கொண்டால் ஓர் அநீதி நேர்ந்துவிடும். செயலைப் பார், உறவைப் பாராதே என்பது நல்ல விதியே. ஆனால் செயல்களைப் பதிவு செய்தவர்கள் எல்லாருடைய செயல்களையும் ஒன்றுபோலப் பதிவு செய்தார்களா? இல்லை. குடும்பத்தார் பலர் சேர்ந்து செய்த வேலை தலைவரின் பெயரில் எழுதப்பட்டது. கடிதம் எழுதியவர், கணக்குப் பார்த்தவர், அச்சுப்படியைத் திருத்தியவர் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் இல்லை.

சிங்கப்பூரில் நாம் அறிந்த ஒரு சான்றைக் காண்போம். திருமதி குவா கியோக் சூவை லீ குவான் இயூவின் துணைவியார் என்றே பலரும் அறிவர். அவர் கேம்பிரிட்ஜில் சட்டம் பயின்றவர். 1955 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட லீ அண்ட் லீ சட்ட நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவர். 1965 ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது, ஜொகூரிலிருந்து பெறும் நீருக்கான ஒப்பந்தங்களைக் காக்கும் உறுதிமொழியைப் பிரிவினை ஆவணத்திற்காக வரைந்தவரும் அவரே. நாம் நாள்தோறும் அருந்தும் நீரோடு தொடர்புடைய எழுத்து அது. இச்செய்தி பொதுமக்களுக்குத் தெரியவந்ததற்கு, கணவர் அதனைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியது பெருங்காரணம். நினைவுக் குறிப்பே எழுதாத தலைவர்களின் இல்லங்களில் இத்தகைய உழைப்பு எத்தனை மறைந்து கிடக்கிறதோ!

பிரிட்டனின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியும் இப்பாடத்தைக் கற்றது. 1885 முதல் 1900 வரை 63 தொகுதிகளாக அது வெளிவந்தது. அதில் பெண்கள் மிகச் சிலரே இடம்பெற்றனர். விடுபட்டோர்க்கென்றே 1993 ஆம் ஆண்டில் தனித் தொகுதி ஒன்று வெளியிடப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்க்கப்பட்டனர். அவ்வகராதியின் முதற் பதிப்பாசிரியர் லெஸ்லி ஸ்டீபன். அவருடைய மகள் வர்ஜீனியா ஊல்ஃப். மகளும் பின்னாளில் அவ்வகராதியின் துணைத் தொகுதியில் இடம்பெற்றார். தந்தை தொகுத்த நூல் என்பதால் அவ்விடம் கிடைக்கவில்லை. தாம் எழுதிய புதினங்களாலும் கட்டுரைகளாலும் அதனை அவர் பெற்றார். உறவு ஒருவருக்குக் கதவைத் திறந்துவிடவும் கூடாது, அடைத்துவிடவும் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, சான்று இல்லை என்பதற்கும், சான்று தேடப்படவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் உணர வேண்டும். அளவுகோல் எல்லார்க்கும் ஒன்றாகவே இருக்கட்டும். தேடும் உழைப்பு மட்டும், மறைக்கப்பட்டவர் பொருட்டுக் கூடுதலாக இருக்கட்டும்.

மறுப்புகள் சில

தலைவர்களின் குடும்பத்தார் அளவற்ற துன்பம் பட்டனர். அவர்களுக்கு இந்தச் சிறு சிறப்பையும் மறுக்கலாமா என்று சிலர் வினவுவர். இவ்வினாவில் நன்றியுணர்ச்சி இருக்கிறது; அதனை நாம் மதிக்கிறோம். ஆனால் கலைக்களஞ்சியம் பொன்னாடை போர்த்தும் மேடை அன்று. அங்கே இடம்பெறுவது பரிசும் அன்று; இடம்பெறாதது அவமதிப்பும் அன்று. நன்றி கூற விழாக்களும் மலர்களும் நினைவில்லங்களும் உள்ளன.

குடும்பத்தைச் சொல்லாமல் தலைவரின் வரலாறு நிறைவுறுமா என்பது அடுத்த வினா. நிறைவுறாது. அதனாலேயே தலைவரின் பதிவில் குடும்பத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்கிறோம். நன்றாக எழுதப்பட்ட ஒரு பத்தி, இரண்டு வரிகளோடு வெறுமையாக நிற்கும் ஐந்து தனிப்பதிவுகளைவிடப் பயன் தரும்.

மூன்றாவது, வாழ்ந்துகொண்டிருப்போரைப் பற்றியது. தலைவருக்குப் பிள்ளையாகப் பிறப்பதை எவரும் தேர்ந்துகொள்வதில்லை. பள்ளியில் பயிலும் ஒரு சிறுவனின் பிறந்த நாளையும் படிக்கும் இடத்தையும் கலைக்களஞ்சியத்தில் எழுதிவைப்பது அறிவுப் பணி ஆகாது. பொதுவாழ்க்கைக்கு வாராதவரை அவர் போக்கில் வாழவிடுவதும் கலைக்களஞ்சிய ஆசிரியரின் கடமையே. மேலும், தலைவரின் மக்களுக்கெல்லாம் தனிப்பதிவு தந்துகொண்டே சென்றால், பதவியும் பெருமையும் குருதி வழியே செல்வன என்று இளையோர் மனத்தில் நாமே எழுதிவிடுவோம். குடியாட்சியில் வளரும் மாணவர்க்கு அது நல்ல பாடம் அன்று.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இனி, வகுப்பறையில் இதனை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதைக் கூறி நிறைவு செய்வோம். தலைவர் ஒருவரின் உறவினரைப் பற்றிப் பதிவு எழுத விரும்பும் மாணவர் மூன்று வினாக்களைத் தமக்குள் எழுப்பிக்கொள்ளலாம்.

முதல் வினா: தலைவரின் பெயரை நீக்கினால் எஞ்சுவது என்ன? இரண்டாம் வினா: குடும்பத்தாரும் கட்சியினரும் அல்லாத பிறர், இவரைப் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேல் எழுதியிருக்கின்றனரா? குடும்பத்தார் வெளியிட்ட நினைவு மலர் பயனுடையதுதான். அதனை மட்டும் நம்பி எழுதலாகாது. மூன்றாம் வினா: தலைவரின் பதிவில் ஒரு பத்தியாகச் சொல்ல இயலாத அளவுக்குச் செய்தி உண்டா? மூன்றுக்கும் விடை கிடைத்தால் தனிப்பதிவு எழுதலாம். கிடைக்காவிட்டால், கிடைத்த செய்தியைத் தலைவரின் பதிவில் சேர்த்துவிட்டு, தேடலைத் தொடரலாம்.

எழுதும்போது முதல் வரியில் கருத்து வேண்டும். 'இன்னாரின் மனைவி' என்று தொடங்கும் பதிவையும், 'இதழாசிரியர். விடுதலைப் போராளி' என்று தொடங்கி, உறவை அடுத்த வரியில் கூறும் பதிவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். செய்தி ஒன்றே, ஆனால் முன்னது ஒருவரை இன்னொருவரின் நிழலாக்குகிறது. ஒருவர் செய்ததை முதலில் சொல்லிவிட்டு, அவர் யாருக்கு உறவு என்பதைப் பின்னர்ச் சொல்வதே முறை. முதல் வரியில் சொல்வதற்கு உறவைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்றால், அப்பதிவு இன்னும் எழுதப்படத் தயாராகவில்லை என்று அறிக.

தேடுவதற்கு நம்மிடம் களம் உண்டு. கோலாலம்பூரில் 1924 ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் நேசனும், சிங்கப்பூரில் 1935 ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் முரசும் நம் சமுதாயத்தின் நாட்குறிப்புகள். தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் காணலாம். சங்கங்களின் கூட்டக் குறிப்புகள், தோட்டப் பள்ளிகளின் பதிவேடுகள், கோயில் நன்கொடைப் பட்டியல்கள் ஆகியவையும் உள்ளன. இவற்றைப் படிக்கும்போது தலைவர்களின் பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளாமல், 'திருமதி' என்று கணவர் பெயரோடு மட்டும் அச்சிடப்பட்ட பெண்களின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்தம் இயற்பெயர் என்ன என்று முதியோரிடம் கேளுங்கள். அவர்கள் எதைச் செய்தார்கள் என்று கேளுங்கள். சொல்லக்கூடிய முதியோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டாக வேண்டும்.

பாரியின் பெண்மக்கள் தம் இயற்பெயரை நமக்கு விட்டுச் செல்லவில்லை. பாடலை விட்டுச் சென்றனர். நம் காலத்துப் பெண்களிலும் ஆண்களிலும் பலர் பாடல் எதனையும் விட்டுச் செல்லவில்லை. உழைப்பை விட்டுச் சென்றிருக்கின்றனர். அவ்வுழைப்பைத் தேடிக் கண்டு, அவரவர் பெயரில் எழுதிவைக்கும் பணி நம் மாணவர்களுடையது. அப்பணியில் ஆசிரியர்கள் துணைநிற்பார்கள் என்பது நம் நம்பிக்கை.